“இப்பக் குளிரேல்லை” என்று சொன்னால் பயப்படுங்கள்: உடற்சூடு இறங்கியவரைக் காக்கும் முழுமையான வழிகாட்டி

மார்கழியில் திருவெம்பாவைக்குப் போவதற்காக விடியப்புறம் நாலு மணிக்குக் கிணற்றடியில் குளித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வாளியில் அள்ளிய தண்ணீர் மேலில் படும்போது வெதுவெதுப்பாகவே இருக்கும். நிலத்துக்குள் கிடக்கிற தண்ணீர் அந்த நேரத்து வெளிக்காற்றைவிடச் சூடானது. குளிர் பிடிப்பது வாளியைக் கீழே வைத்த பிறகுதான். துவாயை வீட்டுக்குள் மறந்துவிட்டு, ஈரச் சாரத்தோடு வாடைக்காற்றில் நிற்கிற அந்த இரண்டு நிமிடத்தில் பல்லுக் கிட்டும், உடம்பு கொடுகும். ஈரமும் காற்றும் கூட்டுச் சேர்ந்து உங்கள் சூட்டை உரித்துக்கொண்டு போகிற நேரம் அது.

அந்த இரண்டு நிமிடம் இரண்டு மணித்தியாலமானால் உடம்புக்குள் என்ன நடக்கும், பக்கத்தில் நிற்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். யாழ்ப்பாணத்து வெயிலுக்குள் இருந்துகொண்டு குளிரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கடந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் மேய்ச்சல் வெளிகளில் நின்ற மாடுகளும் ஆடுகளும் ஆயிரத்துக்கு மேல் செத்து விழுந்தன. உறைபனி எதுவும் பெய்யவில்லை. விடாத மழையும் விடாத காற்றும் ஒதுங்க இடமில்லாத வெளியும் அதற்குப் போதுமாக இருந்தன.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் சனம் குளிர் நாடுகளுக்குப் போகத் தொடங்கி நாற்பது வருடம் தாண்டிவிட்டது. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 150க்கும் மேற்பட்ட எங்கள் ஆட்களை அந்த ஊர் மீனவர்கள் மீட்டார்கள். 2022 ஜனவரியில் அதே கனடாவின் மனிற்றோபா மாகாணத்தில், எமர்சன் என்ற ஊருக்குப் பக்கத்தில், குஜராத்தைச் சேர்ந்த தாயும் தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் அமெரிக்க எல்லைக்கு ஒரு சில மீற்றர் தூரத்தில் உறைந்து கிடந்தார்கள். இளையது மூன்று வயதுப் பிள்ளை. ஏஜென்சிக்காரர் சொன்ன பாதையில் இப்போதும் எங்கள் பொடியள் நடக்கிறார்கள்.

என் பெறாமகனும் அப்படி நடந்தவன்தான். சில வருடங்களுக்கு முன், கிழக்கு ஐரோப்பாவில் ஒரு எல்லைக்காட்டிலிருந்து இரவு எனக்குப் போன் எடுத்தான். முதலில் எடுத்தபோது “சின்னம்மா, குளிர் தாங்கேலாமல் கிடக்கு” என்றான். ஒரு மணித்தியாலம் கழித்து எடுத்தபோது நாக்குத் தடித்து, சொல் இழுபட்டது. “இப்பக் குளிரேல்லை சின்னம்மா. ஜக்கெற்றைக் கழட்டிப்போட்டுக் கொஞ்சம் படுக்கப்போறன்.” எனக்கு அடிவயிறு கலங்கியது. போனைக் கூட வந்த பொடியனிடம் கொடுக்கச் சொன்னேன். “தம்பி, அவன் சொல்லுற ஒண்டையும் கேளாதையும். படுக்க விடாதையும்” என்று தொடங்கிச் சொன்னவற்றைத்தான் கீழே விரிவாகச் சொல்லப்போகிறேன். குளிர்ந்து போகிறவருக்குத் தான் குளிர்ந்து போவது தெரியாது. அதனால் இந்த வழிகாட்டி அவருக்குப் பக்கத்தில் இருக்கிற உங்களுக்கு.

சூட்டின் வரவும் செலவும்

வெளியே கையும் காலும் எவ்வளவு குளிர்ந்தாலும் இதயம், நுரையீரல், ஈரல், மூளை இருக்கிற உட்பகுதி 37 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்க வேண்டும். அது 35 பாகைக்குக் கீழே இறங்கினால் ஹைப்போதெர்மியா, தமிழில் தாழ்வெப்பம். இரண்டே பாகைதான் வித்தியாசம். பிள்ளைக்கு இரண்டு பாகை ஏறினால் இரவோடு இரவாக ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். இரண்டு பாகை இறங்கினால் போர்வையை இழுத்துவிட்டுப் போய்ப் படுக்கிறோம்.

சும்மா இருக்கும் வளர்ந்த ஒருவரின் உடம்பு மணிக்கு ஏறத்தாழ 70, 80 கிலோ கலோரி சூட்டை உண்டாக்கும். இது வரவு. செலவு நாலு வழியில் போகும். குளிர்ந்த நிலத்தையோ இரும்பையோ தண்ணீரையோ தொட்டுக்கொண்டிருந்தால் அதற்குள் இறங்கும். காற்று அள்ளிக்கொண்டு போகும். தோலிலிருந்து கதிராக வீசிப் போகும். ஈரம் காயும்போது அதனோடு சேர்ந்து போகும். எங்கள் ஊரில் ஆபத்தானது இந்தக் கடைசி வழி. ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோ கலோரி வேண்டும். மழையில் ஊறிய சேட்டும் சாரமும் அரை லீற்றர் தண்ணீரைச் சுமக்கிறது என்று வையுங்கள். அது காற்றில் காய்ந்து முடிய 290 கிலோ கலோரி. அதில் பெரும் பங்கை உங்கள் உடம்பிலிருந்துதான் உறிஞ்சும். உடம்பு நாலு மணித்தியாலம் பாடுபட்டு உண்டாக்கிய சூட்டுக்கு அது கிட்டத்தட்டச் சமம்.

தண்ணீருக்குள்ளேயே கிடந்தால் இன்னும் மோசம். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அசையாமல் தண்ணீரில் கிடக்கிறவருக்குச் சூடு குறையாமலிருக்க அந்தத் தண்ணீர் ஏறத்தாழ 33 பாகைக்கு மேல் இருக்க வேண்டும். மாரி காலத்தில் எங்கள் கடல் அதைவிடப் பல பாகை குறைவு.

செலவு கூடும்போது மூளை முதலில் தோலுக்குப் போகும் இரத்தக் குழாய்களை இறுக்கும். கைகால் வெளிறிக் குளிர்வது அதனால்தான். உள்ளே ஒதுங்கிய இரத்தத்தைச் சிறுநீரகம் அளவுக்கு மிஞ்சிய நீராக எண்ணி வெளியேற்றும். குளிரில் அடிக்கடி சலம் போகிறதே, அதன் காரணம் இது. உடம்பு வற்றவும் தொடங்கும். அடுத்தது கொடுகுதல். தசைகள் தாமாகவே நடுங்கிச் சூட்டை ஐந்து மடங்குவரை கூட்டும். ஆனால் அதற்குச் சீனிச் சத்து எரிய வேண்டும். பசியோடு இருப்பவர், களைத்தவர், குடித்தவர் சீக்கிரம் நடுங்கி ஓய்வார்கள். தலையால்தான் பாதிச் சூடு போகிறது என்று ஒரு கதை உண்டு; அது சரியில்லை. தலை உடம்புப் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, சூடும் ஏறத்தாழ அந்த அளவில்தான் போகும். மற்ற எல்லாவற்றையும் போர்த்தித் தலையை மட்டும் திறந்து வைத்திருந்தால் அதுவே ஓட்டை ஆகிவிடும், ஆகவே தொப்பி தேவைதான்.

புத்தி முதலில் போகும்

35 இலிருந்து 32 பாகைவரை இலேசான நிலை என்று மருத்துவம் சொல்லும். ஆள் முழிப்பாக இருப்பார், நன்றாகக் கொடுகுவார். ஆனால் விரல் சொல்வழி கேட்காது. கட்டைவிரலால் சின்னிவிரலைத் தொடச் சொல்லுங்கள், முடியாமல் போகும். நான் வேலை செய்த காலத்தில் ஒருநாள், வள்ளம் கவிழ்ந்து இரவு முழுக்கக் கடலில் கிடந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வலைக்கண்ணியை இருட்டில் தடவியே முடிச்சுப் போடுகிற கை அவருடையது. தன் சேட்டின் மேல் பொத்தானை அவர் ஒரு நிமிடத்துக்கு மேலாகத் தடவிக்கொண்டிருந்தார். பொத்தான் விரலுக்கு அம்பிடவேயில்லை. “எனக்கொண்டும் இல்லை பிள்ளை” என்று அதே நேரம் சொல்லிக்கொண்டும் இருந்தார்.

இந்த நிலையிலேயே பேச்சுக் குழறும், நடை தள்ளாடும், ஆள் எரிந்து விழுவார், பிடிவாதம் பிடிப்பார். பார்க்கிறவர்கள் வெறி என்று நினைத்து விலகிப் போவதைக் கண்டிருக்கிறேன். மழை இரவில் தெருவோரம் ஒருவர் அப்படிக் கிடந்தால், குடித்திருந்தாலும் குடிக்காவிட்டாலும், தொட்டுப் பாருங்கள். குடித்தவருக்குத் தாழ்வெப்பம் இன்னும் சீக்கிரம் வரும்.

32 இலிருந்து 28 வரை நடுத்தர நிலை. இங்கேதான் நடுக்கம் குறைந்து நிற்கும். “நடுக்கம் விட்டிட்டுது, ஆள் தேறிட்டார்” என்று சொந்தக்காரர் மூச்சு விடுவது இந்த நேரத்தில்தான். நடுங்கத் தெம்பில்லாமல் போனதால் நின்றது அது. நித்திரை தூங்கும், நாடி மெதுவாகும், இதயம் தாளம் தப்பும். சிலர் உடுப்பைக் கழற்றத் தொடங்குவார்கள். இறுகியிருந்த தோல் இரத்தக் குழாய்கள் களைத்துத் தளர, சூடான இரத்தம் தோலுக்குப் பாய்ந்து உடம்பு எரிவதுபோலத் தோன்றுவதால் இப்படி நடக்கிறது என்று கருதுகிறார்கள். சிலர் கட்டிலுக்குக் கீழோ பற்றைக்குள்ளோ புகுந்து ஒடுங்குவார்கள். என் பெறாமகன் ஜக்கெற்றைக் கழற்றப்போவதாகச் சொன்னதும் நான் பயந்தது இதனால்.

28க்குக் கீழே நினைவு தப்பும், உடம்பு விறைக்கும், மூச்சு நிமிடத்துக்கு ஒரு சில ஆகும். இதயம் கண்ணாடிப் பாத்திரம் போல ஆகிவிடும். முரட்டுத்தனமாகத் தூக்கினாலே தாளம் கெட்டு வெறுமனே துடித்து நின்றுபோகலாம்.

வெப்பமானியை நம்புவதிலும் ஒரு கவனம் வேண்டும். வீட்டில் இருக்கும் பழைய கண்ணாடி வெப்பமானி பெரும்பாலும் 35 பாகையில்தான் தொடங்கும், அதற்குக் கீழே இருப்பது அதற்குத் தெரியாது. டிஜிற்றல் வெப்பமானி பெரும்பாலும் 32 இல் தொடங்கும். அதற்கும் கீழே என்றால் ‘லோ’ என்று காட்டும். அப்படிக் காட்டினால் வெப்பமானி பழுது என்று எறிந்துவிட்டு இருக்காதீர்கள். கையை அவர் உடுப்புக்குள் விட்டு வயிற்றைத் தொடுங்கள். வயிறு குளிர்ந்திருந்தால் உள்ளும் குளிர்ந்துவிட்டது.

கடலில் விழுந்தவருக்கு

உறைநிலையை ஒட்டிய தண்ணீரில் விழுந்தால் ஒன்று, பத்து, ஒன்று என்று நினைவில் வைக்கச் சொல்வார்கள். முதல் ஒரு நிமிடம் மூச்சு அடக்கமுடியாமல் வாங்கும். அந்நேரம் தண்ணீர் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். அடுத்த பத்து நிமிடம் கைகால் பயன்படும். ஏறுவதோ கட்டுவதோ அதற்குள் முடிய வேண்டும். நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் செல்லும். 1912 இல் டைட்டானிக் மூழ்கியபோது உயிர்காப்பு அங்கியோடு மிதந்தவர்களில் பெரும்பாலானோரைக் கொன்றது குளிர்தான்.

பருத்தித்துறை, மயிலிட்டி, குருநகர்க் கடலில் இந்த வேகம் இல்லை, பல மணித்தியாலம் கிடைக்கும். ஆனால் வாடை காலத்தில் ஓர் இரவு என்பது பன்னிரண்டு மணித்தியாலம். கவிழ்ந்த வள்ளத்தை விட்டு நீந்தாதீர்கள். நீந்தினால் உடம்பைச் சுற்றியிருக்கிற, சற்றே சூடேறிய தண்ணீர் கலைந்து புதுக்குளிர் வந்து சேரும். வள்ளத்தின் அடிப்பக்கத்தின்மேல் எவ்வளவு ஏற முடியுமோ அவ்வளவு ஏறுங்கள். காற்றடித்தாலும் தண்ணீருக்குள் கிடப்பதைவிட அது நல்லது. ஏற முடியாவிட்டால், உயிர்காப்பு அங்கி போட்டிருந்தால், முழங்காலை நெஞ்சோடு மடக்கிக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பேர் என்றால் நெஞ்சோடு நெஞ்சாக ஒட்டிக்கொள்ளுங்கள். உடுப்பைக் கழற்ற வேண்டாம். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் அங்கியைத் தலைக்கு வைத்துப் படுப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறும்.

காப்பாற்ற வந்தவர்களுக்கு ஒரு சொல். நெடுநேரம் தண்ணீரில் கிடந்தவரைக் கக்கத்தில் பிடித்து நிமிர்த்தித் தூக்காதீர்கள். தண்ணீரின் அழுத்தம் விலகியதும் இரத்தம் காலுக்கு இறங்கி, கரைக்கு வந்த நிமிடத்திலேயே சாய்ந்துவிடுவார். வலை, தறப்பாள், பலகை என்று எது கிடைத்தாலும் அதில் கிடையாக ஏற்றுங்கள்.

செய்ய வேண்டியவை, படிப்படியாக

படி 1. காற்றிலிருந்தும் நிலத்திலிருந்தும் பிரியுங்கள். வீட்டுக்குள் கொண்டுபோக முடிந்தால் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் தறப்பாளை மறைப்பாகப் பிடியுங்கள். வெறும் சீமெந்து நிலத்தில் கிடத்தக் கூடாது. பாய், சாக்கு, மெத்தை, மடித்த அட்டைப்பெட்டி, காட்டில் என்றால் சருகு, முதுகுப் பை எல்லாம் கீழே போகட்டும். மேலே ஒரு போர்வை என்றால் கீழே இரண்டு.

படி 2. பேசிப் பாருங்கள். பெயர், இன்று என்ன கிழமை, எங்கே நிற்கிறார். கொடுகிக்கொண்டு தெளிவாகப் பதில் சொன்னால் இலேசான நிலை. குழறினால், நித்திரை தூங்கினால், கொடுகாமல் குளிர்ந்து கிடந்தால் இலங்கையில் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஐரோப்பாவில் 112, கனடாவில் 911. அந்த இரவு கூட வந்த பொடியனிடம் “பிடிபட்டாலும் பரவாயில்லை தம்பி, 112க்கு அடியும்” என்று நான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

படி 3. ஈரத்தை அகற்றுங்கள். கிடந்தபடியே, கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பது நல்லது. இழுத்துப் புரட்டிக் கழற்றினால் இதயத்துக்கு ஆபத்து. துவாயால் ஒற்றுங்கள், உரஞ்ச வேண்டாம். மாற்று உடுப்பே இல்லாத வெளியில் என்றால் ஈர உடுப்பின் மேலேயே பொலித்தீனால் சுற்றிவிட்டு அதன் மேல் போர்த்துங்கள். ஈரம் காய்வது நின்றாலே பெரும் செலவு நின்றுவிடும். முகத்தை மூடாதீர்கள்.

படி 4. நடுவிலிருந்து சூடாக்குங்கள். இந்தப் படியில்தான் நல்ல மனதோடு பிழை விடுகிறார்கள். சுடுதண்ணீரைப் போத்தலில் ஊற்றி, துணியால் சுற்றி, உங்கள் முன்கையில் வைத்துப் பார்த்த பிறகு அவருடைய இரண்டு கக்கத்திலும் நெஞ்சிலும் முதுகிலும் வையுங்கள். விறைத்த தோலுக்குச் சுடுவது தெரியாது, கொப்பளித்த பிறகுதான் காண்பீர்கள். போத்தல் இல்லையென்றால் சூடான ஓர் ஆள் சட்டையைக் கழற்றி அவரோடு ஒரே போர்வைக்குள் நெஞ்சோடு நெஞ்சாகப் படுக்கலாம். கைகாலைச் சூடாக்கப் போகாதீர்கள். அங்கே தேங்கிய குளிர் இரத்தம் உள்ளே திரும்பும்போது உள்வெப்பம் இன்னும் இறங்கும்.

படி 5. குடிக்கக் கொடுங்கள், ஆனால் கோப்பையைத் தானே பிடித்து விழுங்கக் கூடியவருக்கு மட்டும். கூடச் சீனி போட்ட தேத்தண்ணி, மல்லித்தண்ணி, பால்மா கரைத்தது, எதுவும் சரி. ஒரு கோப்பைத் தேத்தண்ணியின் சூடு உடம்பை அவ்வளவாக ஏற்றாது. அதில் இருக்கும் சீனிதான் கொடுகுவதற்கு விறகு.

படி 6. மூச்சு இல்லாததுபோல் தெரிந்தால் அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள். ஒரு முழு நிமிடம் மூச்சையும் நாடியையும் பாருங்கள், அவ்வளவு மெதுவாக இருக்கலாம். உண்மையாகவே இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 இலிருந்து 120 தடவை, 5 அல்லது 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்துங்கள். பழகியவர்கள் 30 அழுத்தலுக்கு 2 மூச்சு ஊதலாம். அம்புலன்ஸ் வரும்வரை நிறுத்த வேண்டாம்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், குளிர்ந்த மூளை பட்டினி தாங்கும். 28 பாகையில் உடம்புக்கு வேண்டிய ஒட்சிசன் ஏறத்தாழ பாதியாகிவிடும். 1999 மே மாதம் நோர்வேயின் நார்விக் பக்கத்தில் பனிச்சறுக்கும்போது அன்னா போகென்ஹோம் என்ற சுவீடன் நாட்டு மருத்துவர் உறைந்த ஓடைக்குள் விழுந்து, பனிக்கட்டிக்குக் கீழே 80 நிமிடம் அகப்பட்டார். வெளியே எடுத்தபோது இதயம் நின்றிருந்தது. உள்வெப்பம் 13.7 பாகைவரை இறங்கியது. திரொம்சோ பல்கலைக்கழக மருத்துவமனையில் இரத்தத்தை வெளியே எடுத்துச் சூடேற்றித் திருப்பி அனுப்பினார்கள். அவர் பிழைத்து, பிறகு அதே மருத்துவமனையில் வேலை செய்தார். சூடேற்றிய பின்னும் உயிர் இல்லையென்றால்தான் குளிர்ந்தவர் இறந்தவர் என்பது மருத்துவர்களின் வழக்கு. “ஆள் விறைச்சுப்போச்சு” என்று வெளிவாசலிலேயே ஒப்பாரி தொடங்க எங்களுக்கு உரிமையில்லை.

செய்யக் கூடாதவற்றில் சாராயமும் பிரண்டியும் முதலில். தோல் இரத்தக் குழாயை விரித்து, சூடாக இருப்பதுபோல ஏமாற்றி, உள்ளே இருந்ததையும் வெளியே இறைத்துவிடும், நடுக்கத்தையும் அடக்கும். நான் சொன்ன அந்தக் கடலாளிக்கும் கரையில் வைத்துப் பாதிப் போத்தல் பருக்கியிருந்தார்கள். அன்பினால் செய்ததுதான், ஆனால் அதனால் எங்களுக்கு வேலை இரட்டிப்பானது. எண்ணெய் போட்டுக் கைகாலை உரஞ்சுவது, எழுப்பி நடத்துவது, சுடுதண்ணீரில் குளிக்க வார்ப்பது இவையும் வேண்டாம். பூட்டிய அறைக்குள் தணல்சட்டி வைத்தால் மணமில்லாத காபனோரொட்சைட்டு வாயு அறையிலுள்ள எல்லாரையும் நித்திரையிலேயே கொண்டுபோகும்.

பனிக்கடி

குளிர் நாட்டில் தாழ்வெப்பத்தோடு கூட வருவது பனிக்கடி, அதாவது விரல், காது, மூக்கு நுனியில் சதையே உறைவது. புத்தகங்களில் வெள்ளையாகும் என்று எழுதியிருக்கும். எங்கள் தோலில் அது சாம்பல் பூத்ததுபோல, மெழுகு பூசியதுபோலத் தெரியும். முதலில் கடுக்கும், பிறகு உணர்வே இராது. உணர்வு போனதைத்தான் கவனிக்க வேண்டும்.

திரும்ப உறையாது என்று உறுதியான இடத்துக்கு வந்த பிறகுதான் உருக்க வேண்டும். உருகி மறுபடி உறைந்தால் முதல் தடவையைவிடச் சேதம் கூடும். 37 இலிருந்து 39 பாகைவரையான தண்ணீரில், அதாவது முழங்கைக்கு இதமாக இருக்கும் சூட்டில், அரை மணித்தியாலம்வரை வையுங்கள். தண்ணீர் ஆற ஆற மாற்ற வேண்டும். உருகும்போது உயிர்போகிற நோ வரும், அதை எதிர்பார்த்திருங்கள். பனியால் தேய்ப்பதும் அடுப்பில் காட்டுவதும் கொப்புளத்தை உடைப்பதும் கூடாது. ஆள் முழுக்கக் குளிர்ந்திருந்தால் முதலில் ஆளைப் பாருங்கள், விரல் பிறகு.

பச்சைப்பிள்ளையும் கிழவியும்

பனி பார்க்காமலே யாழ்ப்பாணத்தில் தாழ்வெப்பம் வரக்கூடியவர்கள் இந்த இரண்டு பேர். பிறந்த பிள்ளைக்குக் கொடுகத் தெரியாது. முதுகிலும் கழுத்தடியிலும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு காணும், குறைமாதப் பிள்ளைக்கு அதுவும் போதாது. பிள்ளையின் சூடு 36.5 இலிருந்து 37.5 வரை இருக்க வேண்டும். பிறந்தவுடன் துடைத்து உலர்த்தித் தாயின் வெறும் நெஞ்சில் போடுவதற்கு நிகரான வைத்தியம் இல்லை. 1978 இல் கொலம்பியாவின் பொகோற்றாவில் இன்குபேற்றர் போதாமல்போக, எட்கார் றே என்ற குழந்தை மருத்துவர் தொடங்கிய கங்காரு முறை இதுதான். இன்று உலகம் முழுக்கச் செய்கிறார்கள். முதற்குளிப்பு குறைந்தது 24 மணித்தியாலம் பொறுக்கலாம். அம்மம்மாமார் கோபிக்கக் கூடாது, சாம்பிராணிச் சட்டியையும் அறைக்கு வெளியே வைக்க வேண்டும். பிள்ளை பால் குடிக்கச் சுணங்கி, அழுகை மெலிந்து, வயிறும் உள்ளங்காலும் குளிர்ந்திருந்தால் நெஞ்சோடு அணைத்தபடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், பெரிய வீட்டில் தனியே ஒரு அம்மா. இது எங்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் உண்டு. மழை இரவில் கிணற்றடியிலோ குளியலறையிலோ வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, எழும்ப முடியாமல் ஈரச் சீமெந்தில் விடியும்வரை கிடந்தால், வெளியே 22 பாகை இருந்தாலும் உள்வெப்பம் 35க்குக் கீழே போகும். வயது போனவருக்கு நடுக்கம் குறைவு, குளிர் தெரிவதும் குறைவு. சலரோகம், தைரொயிட் குறைபாடு, நித்திரைக் குளிசை, சில பிரஷர் குளிசைகள் இதை இன்னும் கூட்டும். பாற்காரரோ பக்கத்து வீட்டாரோ விடிய ஒருக்கால் படலையில் கூப்பிட்டுப் பார்க்க ஒழுங்கு செய்யுங்கள். கழுத்தில் மாட்டக்கூடிய சிறிய போன் ஒன்று, மாதாமாதம் அனுப்புகிற காசைவிடப் பெறுமதி.

குளிர் நாட்டுக்குப் புறப்படுகிற பிள்ளைக்கு

பருத்தி பெனியனை உள்ளே போடாதே. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும். உள்ளே கம்பளியோ செயற்கை நூலோ, நடுவில் தடிப்பானது, வெளியே காற்றும் மழையும் புகாதது. வேர்க்கத் தொடங்கினால் ஒரு படையைக் கழற்று, நின்றதும் திரும்பப் போடு. சப்பாத்து இறுக்கமாக இருந்தால் இரண்டு காலுறை போட்டும் பயனில்லை, இரத்தம் ஓடாது. ஐந்து விரல் கையுறையைவிட விரல்கள் ஒன்றாய்க் கிடக்கிற கையுறை சூடு. காலநிலைச் செய்தியில் வெப்பநிலையோடு காற்றுக்குளிர் எண்ணையும் பார். மறை 20 பாகையில், அதாவது பூச்சியத்துக்குக் கீழே 20 இல், மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று வீசினால் அது மறை 33 போலிருக்கும். மூடாத தோல் 10 இலிருந்து 30 நிமிடத்துக்குள் உறையத் தொடங்கும். போனை உள்சட்டைப் பையில் வை, குளிரில் பற்றரி இறங்கிவிடும். பனியில் கார் புதைந்தால் காரை விட்டு நடக்காதே. புகைக்குழாயை அடைத்த பனியை அகற்றிவிட்டு, கண்ணாடியைக் கொஞ்சம் திறந்து, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் என்ஜினைப் போடு.

பிறகு

சூடு திரும்பிய அன்றே வீட்டுக்கு அனுப்பினாலும் இரண்டு மூன்று நாள் களைப்பு இருக்கும். தண்ணீரும் சாப்பாடும் ஓய்வும் வேண்டும். இருமலும் மூச்சு முட்டலும் இருந்தால் திரும்பக் காட்டுங்கள், கடல் தண்ணீர் நெஞ்சுக்குள் போயிருக்கலாம். பனிக்கடி பட்ட இடம் வருடக்கணக்கில் குளிருக்குக் கூசும், எரியும், சில வேளை மரத்துப்போகும். அந்த இடத்தை எப்போதும் உலர்வாக வைத்திருப்பது ஒன்றே நாங்கள் சொல்லிக்கொடுப்பது. என் பெறாமகன் இரண்டு கால்விரலை இழந்து உயிர் தப்பினான். போன வருடம் ஊருக்கு வந்து எங்கள் கிணற்றடியில் குளித்தான். தலை ஈரம் சொட்டச் சொட்டக் கல்லில் குந்தி, இடது காலைத்தான் முதலில் துடைத்தான், விரல் இருந்த இடத்தையும் சேர்த்து.